டொராண்டோவில் முதல் இலையுதிர் காலம்: சின்னக் குழந்தைகளோடு வெளியே போக ஒரு வழிகாட்டி

செப்டம்பர் பிறந்ததும் டொராண்டோவில் நம்மவர் வீடுகளில் ஒரே பேச்சுத்தான்: "அல்கான்குவின் எப்போது போகிறீர்கள்?" போகலாம். 1893இல் அமைக்கப்பட்ட அந்தப் பெரும் பூங்காவில் செப்டம்பர் கடைசியில் மேப்பிள் காடு சிவந்து நிற்பது பார்க்க வேண்டிய காட்சிதான். ஆனால் இங்கிருந்து காரில் மூன்று மணி நேரம் ஆகும். வார இறுதியில் பூங்காவுக்குள் ஓடும் 60ஆம் எண் நெடுஞ்சாலையில் வண்டிகள் ஊர்ந்துதான் போகும். காருக்கான ஒருநாள் அனுமதிச் சீட்டை ஐந்து நாள் முன்பிருந்தே இணையத்தில் வாங்கலாம். வாங்காமல் கிளம்பினால் நுழைவாயிலில் இருந்தே திரும்ப வேண்டிவரலாம். இரண்டு வயதுக் குழந்தையைப் போக வர ஆறு மணி நேரம் கார் சீட்டில் கட்டிவைத்து, நடுவில் நாற்பது நிமிடம் மரம் காட்டுவது யாருக்கான சுற்றுலா? படம் நன்றாக வரும், அதை மறுக்கவில்லை.

வீட்டில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தை இருந்தால் என் யோசனை வேறு. அரை மணி தூரத்துக்குள், வாரம் இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் ஒன்றரை மணி நேரம். அவ்வளவுதான். மரங்கள் வாரத்துக்கு வாரம் மாறுவதைக் குழந்தை தானே கவனிக்கும். ஜாக்கெட், தொப்பி, கையுறை போட்டுக்கொள்ள அழாமல் பழகும். இந்தப் பழக்கம் இல்லாமல் ஜனவரிக்குள் போகிற வீடுகளில்தான் ஏப்ரல் வரை குழந்தை தொலைக்காட்சியே கதி என்று கிடக்கிறது.

முதலில் காலக்கணக்கு

செப்டம்பர் நடுவிலிருந்து நவம்பர் நடுவரை, ஏறத்தாழ எட்டு வாரம் கையில் இருக்கிறது. செப்டம்பரில் பகல் வெப்பம் 20 டிகிரியைத் தொட்டுப் போகும். அரைக்கைச் சட்டையே போதும் என்று தோன்றும். அக்டோபரில் பகல் சராசரி 14 டிகிரி அளவுக்கு இறங்கிவிடும், காலையில் ஒற்றை இலக்கம். நவம்பரில் பகலே ஒற்றை இலக்கம்தான். வடக்கே அல்கான்குவினில் சிவப்பு உதிர்ந்துகொண்டிருக்கும்போதுதான் நகருக்குள் நிறம் ஏறும். டொராண்டோவில் அக்டோபர் நடுவிலிருந்து மாத இறுதி வரை உச்சம் என்று வைத்துக்கொள்ளலாம். பகலில் நல்ல வெயிலும் இரவில் உறையாத குளிரும் தொடர்ந்து இருந்தால் சிவப்பு அழுத்தமாக வரும். மழையும் மேகமுமாகவே இருந்தால் நிறம் மங்கல்தான்.

தேதியைவிட முக்கியம் சூரியன் மறையும் நேரம். செப்டம்பர் 22 வாக்கில் மாலை ஏழே கால். அக்டோபர் கடைசியில் ஆறு மணியை ஒட்டி. நவம்பர் முதல் ஞாயிறு அதிகாலை இரண்டு மணிக்குக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளுகிறார்கள், அன்று மாலை ஐந்துக்கே இருட்டு. வேலை முடிந்து, குழந்தையைக் காப்பகத்திலிருந்து கூட்டிக்கொண்டு பூங்காவுக்குப் போவது என்பது அக்டோபர் வரைதான் நடக்கும். அதனால் வார நாள் மாலைகளை முதல் ஆறு வாரத்தில் தாராளமாகச் செலவழித்துவிடுங்கள்.

உடுப்பு

இந்தப் பகுதியில்தான் பணமும் நேரமும் வீணாகும், எனவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வந்ததும் எல்லோரும் செய்வது, கடையில் இருப்பதிலேயே தடிமனான ஜாக்கெட் ஒன்றை வாங்குவது. இந்தப் பருவத்துக்கு அது தோதுப்படாது. ஓடி விளையாடும் குழந்தைக்கு உள்ளே வியர்க்கும், வியர்வை காற்றுப் பட்டுச் சில்லென்று ஆகும், பிறகு நடுங்கும். மூன்று அடுக்காகப் போடுங்கள். உடம்போடு ஒட்டி மெல்லிய முழுக்கைச் சட்டை, அதன்மேல் ஃபிளீஸ் எனப்படும் மெத்தென்ற செயற்கைத் துணி மேலாடை, வெளியே காற்றும் மழையும் புகாத மெல்லிய ஜாக்கெட். உள்ளே பருத்தி வேண்டாம். நம் ஊர் வெயிலுக்கு அதை அடிக்க ஆளில்லை. இங்கே நனைந்தால் காயாது, உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். அக்டோபருக்குப் பிறகு பாலியெஸ்டரோ மெரினோ கம்பளியோ நல்லது.

நடக்கத் தொடங்கிய குழந்தைக்கு நான் எல்லாவற்றுக்கும் முன்னால் வாங்கச் சொல்வது, கழுத்திலிருந்து கணுக்கால் வரை ஒரே துண்டாக வரும் மழை உடுப்பு. இங்கே 'மட்டி பட்டி' என்பார்கள். அதையும் ரப்பர் பூட்ஸையும் மாட்டிவிட்டால் சேற்றில் உட்காரட்டும், குட்டையில் குதிக்கட்டும், நீங்கள் கத்த வேண்டியதில்லை. ஓர் அளவு பெரிதாக வாங்கினால் உள்ளே ஃபிளீஸ் போடலாம், வசந்தத்திலும் ஆகும். புதிதாக வாங்கித்தான் ஆக வேண்டும் என்றில்லை. வேல்யூ வில்லேஜ் போன்ற பழைய துணிக் கடைகளில் இவை குவிந்து கிடக்கும். குழந்தைகள் ஒரே பருவத்தில் வளர்ந்துவிடுவதால் பாதிக்கு மேல் புதிது போலவே இருக்கும்.

கையுறையில் விரல் விரலாகப் பிரிந்தது மூன்று வயது வரை வீண். ஐந்து விரலையும் ஐந்து ஓட்டைக்குள் நுழைப்பதற்குள் பொழுது போய்விடும். கட்டை விரல் மட்டும் தனியாக உள்ளதை வாங்குங்கள், இரண்டு ஜோடி, ஒன்று எப்படியும் நனையும். கழுத்துக்கு நீளமான மஃப்ளர் வேண்டாம். சறுக்கு மரத்திலும் ஏணியிலும் சிக்கிக்கொள்ளும். தலை வழியாக மாட்டும் கழுத்துப் பட்டை போதும். தொப்பி விஷயத்தில் மட்டும் பாட்டி சொல்வதைக் கேட்கலாம். ஊரில் நாம் கேலி செய்த அதே குரங்குக் குல்லாவைத்தான் இங்கே 'பாலகிளாவா' என்று பெயர் வைத்து நல்ல விலைக்கு விற்கிறார்கள். காது, கழுத்து, கன்னம் மூன்றையும் மூடும். குழந்தையால் எளிதில் கழற்ற முடியாது.

காரில் ஏறும்போது ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். பஞ்சு உப்பிய ஜாக்கெட்டோடு குழந்தையைக் கார் சீட்டில் கட்டக் கூடாது. பட்டை இறுகியது போலத் தோன்றும். மோதலின்போது பஞ்சு அமுங்கி, பட்டைக்கும் உடம்புக்கும் இடையே இடைவெளி விழும். ஃபிளீஸோடு கட்டி, அதன் மேல் ஜாக்கெட்டைப் பின்பக்கமாக மாட்டிவிடுங்கள், அல்லது போர்வையைப் போடுங்கள்.

"இந்தக் குளிரிலா கூட்டிப் போகிறாய்? சளி பிடிக்கும்!"

ஊரிலிருந்து வந்திருக்கும் தாத்தா பாட்டியோடு இந்த வாக்குவாதம் நிச்சயம் வரும். சளியைக் கொண்டுவருவது வைரஸ். அது பரவ வசதியான இடம் ஜன்னல் அடைத்த அறையும் காப்பகத்துப் பொம்மையும். ஒன்டாரியோவில் உரிமம் பெற்ற காப்பகங்கள், முழு நாள் இருக்கும் குழந்தைகளை வானிலை இடம்கொடுத்தால் தினமும் இரண்டு மணி நேரமாவது வெளியே விட வேண்டும் என்று விதியே இருக்கிறது. இதைச் சொன்னால் பெரியவர்கள் ஓரளவு அடங்குவார்கள். முழுதாக அடங்க, அவர்களுக்கும் நல்ல பூட்ஸ் வாங்கித் தந்து கூடவே அழைத்துப் போவதுதான் வழி.

எங்கே போவது

ஸ்கார்பரோ பக்கம் இருப்பவர்களுக்கு அதிர்ஷ்டம்தான். ரூஜ் தேசிய நகர்ப்புறப் பூங்கா பக்கத்திலேயே இருக்கிறது. 2015இல் அமைந்தது, கனடாவின் முதல் தேசிய நகர்ப்புறப் பூங்கா, 79 சதுர கிலோமீட்டர், நுழைவுக் கட்டணம் கிடையாது. மிருகக்காட்சிசாலைக்குப் பக்கத்தில் தொடங்கும் விஸ்டா பாதை ஒன்றரை கிலோமீட்டர்தான். பள்ளத்தாக்கைப் பார்த்தபடி மரத்தளம் ஒன்று இருக்கிறது, அதிலிருந்து பார்த்தால் மொத்த நிறமும் கீழே விரிந்து கிடக்கும். ஸ்ட்ரோலர் அங்கே ஓடாது, முதுகில் சுமக்கும் பை வேண்டும். மாஸ்ட் பாதை அழகு, ஆனால் ஏற்றம். பள்ளிக்கூடம் போகும் வயது வரட்டும். ஸ்ட்ரோலரோடு போவதென்றால் மார்னிங்சைட் பூங்காவில் ஹைலண்ட் கிரீக் ஓடையை ஒட்டிய தார்ப் பாதை வசதி. கார் இல்லாதவர்கள் தயங்க வேண்டாம். நகரப் பேருந்திலும் சுரங்க ரயிலிலும் 12 வயது வரை குழந்தைகளுக்கு டிக்கெட் இல்லை.

தூரத்தைக் குழந்தையின் கணக்கில் போடுங்கள். இரண்டு வயதுக் குழந்தை தானாக நடந்தால் ஒரு கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம். ஒவ்வொரு கல்லையும் தூக்கிப் பார்த்துத்தான் வரும். பாதையின் முடிவை அடைந்தே தீர வேண்டும் என்ற வைராக்கியம் பெரியவர்களுடையது.

ரூஜ் பூங்காவிலிருந்து இலை, கல், காய் எதையும் எடுத்துவரக் கூடாது என்பது விதி. சேகரிக்கும் ஆசைக்கு உங்கள் தெருவே போதும். நகரத் தெருக்களில் நிறைய நிற்பது நார்வே மேப்பிள். காம்பைக் கிள்ளினால் பால் வடியும், சர்க்கரை மேப்பிளில் வடியாது. மூன்று வயதுக் குழந்தைகூட இந்தச் சோதனையைச் செய்யும். நார்வே மேப்பிள் இலையில் தார் தெளித்தாற்போல் கறுப்புப் புள்ளிகள் இருக்கும். அது ஒரு பூஞ்சை, நம்மை ஒன்றும் செய்யாது. அதன் மஞ்சள் நவம்பர் வரை நிற்பதால், மற்ற மரங்கள் மொட்டையான பிறகும் இலை கிடைக்கும். கொண்டுவந்ததைச் செய்தித்தாளுக்குள் வைத்துக் கனமான புத்தகத்தின் அடியில் ஒரு வாரம் விட்டால் தட்டையாகக் காய்ந்துவிடும்.

இலைக் குவியலில் குதிப்பது இந்தப் பருவத்தின் பெரிய கொண்டாட்டம். குவியலை நீங்களே வாரிச் சேர்த்ததாக இருக்கட்டும். குச்சியும் நாய்க் கழிவும் இல்லை என்று தெரியும். சாலையோரக் குவியலில் மட்டும் விடாதீர்கள். உள்ளே குழந்தை இருப்பது காரோட்டிக்குத் தெரியாது.

சால்மன்

நிறத்தைக்கூட ஒரு வயதுக் குழந்தை பொருட்படுத்தாது. ஆனால் முழங்கை நீள மீன் ஒன்று தண்ணீரிலிருந்து துள்ளினால் எந்த வயதும் வாயைப் பிளக்கும். செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் முடிய சினூக் சால்மன்கள் ஒன்டாரியோ ஏரியிலிருந்து ஆறுகளில் ஏறி முட்டையிட வருகின்றன. பார்க்க எளிதான இடம் ஹம்பர் ஆறு. இரண்டாம் தடச் சுரங்க ரயிலில் ஓல்ட் மில் நிலையத்தில் இறங்கி நடந்தால் எத்தியென் புரூலே பூங்கா. அங்கே ஆற்றின் குறுக்கே உள்ள சிறு தடுப்பணைகளைத் தாண்ட மீன்கள் எம்பி எம்பிக் குதிக்கும். ஸ்கார்பரோவில் ஹைலண்ட் கிரீக்கிலும் வரும். நல்ல மழை பெய்த மறுநாள் போங்கள். தண்ணீர் ஏறினால்தான் மீனும் ஏறும்.

இந்தச் சினூக் இந்த ஏரியின் சொந்த மீனல்ல. இங்கே பூர்விகமாக இருந்த அட்லாண்டிக் சால்மன், அணைகளாலும் அளவில்லாத மீன்பிடிப்பாலும் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஏரியிலிருந்து மறைந்தது. 1960களின் இறுதியில் பசிபிக் கரை இனங்களைக் கொண்டுவந்து விட்டார்கள். ஆற்றில் நுழைந்தபின் இவை இரை எடுப்பதில்லை, முட்டையிட்டதும் இறந்துவிடும். அதனால் அக்டோபர் பின்பாதியில் கரையில் செத்த மீன்கள் கிடக்கும், நாற்றமும் இருக்கும். "ஏன் தூங்குது?" என்று குழந்தை கேட்டால் இறந்துவிட்டது என்றே சொல்லிவிடுங்கள், முட்டை கூழாங்கற்களுக்கு அடியில் இருக்கிறது என்பதையும் சேர்த்து. ஆற்றில் கல் எறியக் கூடாது என்பதற்குக் காரணம் அதிலேயே வந்துவிடுகிறது. எறிந்தே ஆக வேண்டும் என்றால் இலையை எறியட்டும்: நடைபாலத்தில் ஒரு பக்கம் போட்டு, மறுபக்கம் ஓடிப் போய் அது வருகிறதா என்று பார்க்கலாம்.

ஆப்பிள் தோட்டம்

நகரைச் சுற்றி, மில்டன் பக்கமும் பவ்மன்வில் பக்கமும், நாமே பறித்துக்கொள்ளும் தோட்டங்கள் உண்டு. பல இடங்களில் நுழைவுக்கும் பைக்கும் தனித்தனிக் கட்டணம். நாலு பேருக்குக் கூட்டிப் பார்த்தால் கடை ஆப்பிளைவிட விலை அதிகம் என்று தெரிந்தே போக வேண்டும். அக்டோபர் இரண்டாம் திங்கள் நன்றி நவிலும் நாள். அதை ஒட்டிய மூன்று நாள் விடுமுறையில் அந்தப் பக்கமே போகாதீர்கள். வார நாள் காலை உத்தமம்.

மெக்கின்டோஷ் செப்டம்பர் நடுவில் பழுக்கும். 1811இல் ஜான் மெக்கின்டோஷ் என்பவர் இதே ஒன்டாரியோவில் டண்டெலா என்ற சிற்றூரில் கண்டெடுத்த வகை. மாதக் கடைசியில் ஹனிகிரிஸ்ப், அக்டோபர் நடுவுக்கு மேல் நார்தர்ன் ஸ்பை. பழத்தை உள்ளங்கையில் ஏந்தி, மேலே தூக்கித் திருகினால் கையோடு வந்துவிடும். கீழே இழுத்தால் சிறு கிளையோடு அடுத்த ஆண்டின் மொட்டும் போகும். விழுந்து கிடக்கும் பழங்களில் செப்டம்பரில் குளவி மொய்க்கும். குழந்தை குடிக்கும் ஜூஸுக்குள்ளும் இறங்கும், எனவே மூடியுள்ள பாட்டிலில் தண்ணீர் மட்டும். நான்கு வயது வரை வேகவைக்காத ஆப்பிளைத் துண்டாகக் கொடுக்காமல் துருவிக் கொடுங்கள், தொண்டையில் அடைக்கும். வீட்டுக்கு வந்த பின் மெக்கின்டோஷை வேகவைத்து மசித்தால் கைக்குழந்தைக்கு ஆகும். நார்தர்ன் ஸ்பையின் புளிப்பு தொக்குக்குப் பொருத்தம்.

பையில் என்ன

சோற்றை எப்படியாவது சூடாக வைத்திருங்கள். ஃபிளாஸ்கில் கொதிநீரை ஊற்றி ஐந்து நிமிடம் வைத்துக் கொட்டிவிட்டு, பிறகு பருப்புச் சாதமோ ரசச் சாதமோ போட்டால் மதியம் வரை சூடு நிற்கும். எட்டு டிகிரியில் தயிர்ச் சாதம் யாருக்கும் இறங்காது. பெரியவர்களுக்குச் சுண்டல்; நவராத்திரி இந்தப் பருவத்தில்தான் வருகிறது, கொலு வீட்டில் கொடுத்ததே மறுநாள் பைக்குள் போகலாம். சின்னவர்களுக்குக் கடலையை நசுக்கிக் கொடுங்கள். மாற்று உடை ஒரு முழுச் செட், கால் உறை இரண்டு. கழிப்பறை விஷயத்தில் எச்சரிக்கை: பல பூங்காக் கழிப்பறைகள் கோடைக்கானவை, அக்டோபரில் பூட்டத் தொடங்குவார்கள். கிளம்பும் முன் வீட்டிலேயே போகச் சொல்லுங்கள். டயப்பர் மாற்ற காரின் டிக்கியில் ஒரு விரிப்பு போட்டு வையுங்கள்.

அஞ்ச வேண்டிய இரண்டு

கரடி, ஓநாய் பற்றி ஊரில் கேட்பார்கள். டொராண்டோவில் கவனம் வேண்டியது கடுகு, எள் அளவில் இருக்கும் உண்ணிக்கு. கருங்கால் உண்ணி லைம் நோயைப் பரப்பக்கூடியது, ரூஜ் பகுதியில் இருக்கிறது. குளிர் வந்தால் ஒழிந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். வளர்ந்த உண்ணிகள் அக்டோபர், நவம்பரிலும் உறைநிலைக்கு மேலான நாட்களில் புல் நுனியில் காத்திருக்கும். பாதையின் நடுவில் நடங்கள், கால்சட்டையைக் காலுறைக்குள் செருகுங்கள். வீட்டுக்கு வந்ததும் குளிப்பாட்டும் சாக்கில் காதின் பின்புறம், தலைமுடி ஓரம், அக்குள், தொப்புள், இடுப்பு மடிப்பு, முழங்காலின் பின்புறம் எல்லாம் தடவிப் பாருங்கள். துணிகளை உலர்த்தும் இயந்திரத்தில் அதிகச் சூட்டில் பத்து நிமிடம் ஓட்டினால் ஒட்டியிருப்பது செத்துவிடும்.

கடித்திருந்தால் நுனி கூரான இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக மேலே இழுங்கள், சோப்புப் போட்டுக் கழுவுங்கள். எண்ணெய் விடுவது, தீக்குச்சியால் சுடுவது போன்ற கைவைத்தியம் கூடாது. நோய் தொற்ற, பொதுவாக உண்ணி 24 மணி நேரத்துக்கு மேல் ஒட்டியிருக்க வேண்டும், எனவே அன்றன்றே பார்த்துவிட்டால் ஆபத்து குறைவு. சந்தேகம் இருந்தால் 811 எண்ணில் செவிலியரிடம் எந்த நேரமும் இலவசமாகக் கேட்கலாம். பின்னர் காய்ச்சலோ விரிந்து பரவும் சிவப்புத் தடிப்போ வந்தால் மருத்துவரிடம் போய், உண்ணி கடித்ததையும் சொல்லுங்கள்.

இன்னொன்று பாய்சன் ஐவி என்ற நச்சுச் செடி. இலையுதிர் காலத்தில் இது அழகாகச் சிவக்கும் என்பதுதான் வில்லங்கம். குழந்தை பறிக்கப் போவது அதைத்தான். மூன்று மூன்று இலையாக இருக்கும், நடு இலைக்குக் காம்பு நீளம். அதன் எண்ணெய் பட்டால் அரிப்பும் கொப்புளமும் வரும். உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள், உடுப்பையும் பூட்ஸையும்கூட. ஐந்து இலையாகச் சிவந்து மரத்தில் ஏறும் கொடி வேறு, அது வர்ஜீனியா கிரீப்பர். தரையோரத்தில் எதைப் பறிப்பதற்கு முன்பும் இலையை எண்ணிச் சொல் என்று நான்கு வயதுக் குழந்தையிடம் சொன்னால், விளையாட்டாகவே பழகிக்கொள்ளும்.

ஹாலோவீன், அதற்குப் பிறகு

அக்டோபர் 31 மாலை, வேடமிட்டு வீடு வீடாக மிட்டாய் கேட்டுப் போகும் குழந்தைகள் தெருவெல்லாம். வேடத்தை இரண்டு அளவு பெரிதாக வாங்குங்கள், ஜாக்கெட்டுக்கு மேல் போட வேண்டும். ஜாக்கெட்டுக்குள் மறைந்த இளவரசியைவிட உப்பலான இளவரசி மேல். முகமூடி கண்ணை மறைக்கும், சாயம் பூசினால் போதும். வாசல் விளக்கு எரியும் வீட்டுக்கு மட்டும் போங்கள். அணைத்திருந்தால் வர வேண்டாம் என்று பொருள். சின்னக் குழந்தைக்கு ஒரு தெரு, அரை மணி நேரம் தாராளம். உங்கள் வாசலிலும் விளக்கைப் போட்டு மிட்டாய் வையுங்கள். பக்கத்து வீட்டுக்காரர்களோடு முதல் பேச்சு பெரும்பாலும் அன்றுதான் நடக்கும்.

கடிகாரம் மாறிய பிறகு மாலையை விட்டுவிட்டு வார இறுதிக் காலைக்கு மாறுங்கள். பத்து மணிக்கு வெளியே, பன்னிரண்டுக்கு வீட்டில். மரங்கள் மொட்டையாகி நிற்பதால் இப்போதுதான் பறவைக் கூடும் அணிலின் இலைக்கூடும் கண்ணில் படும். 'வி' வடிவில் கனடா வாத்துகள் கத்திக்கொண்டு போவதைக் குழந்தை உங்களுக்கு முன்பே பார்த்துவிடும்.

இந்த வாரங்களிலேயே முழுப் பனியுடையையும் பனிக்காலப் பூட்ஸையும் வாங்கிவிடுங்கள். முதல் பனி விழுந்த வாரம் கடைக்குப் போனால் உங்கள் குழந்தையின் அளவு மட்டும் இருக்காது. வாங்கியதை வீட்டுக்குள்ளேயே ஒரு முறை முழுதாகப் போட்டுப் பாருங்கள். எல்லா ஜிப்பையும் மூடிய பிறகு "அம்மா, சிறுநீர்" என்று குரல் வந்தால், கழற்ற எவ்வளவு நேரம் ஆகிறது என்பதையும் அப்போதே தெரிந்துகொள்ளலாம்.